பசுவின் நிறம் என்ன?

திருமறையின் இரண்டாவது அத்தியாயத்துக்குப் 'பசு' என்று பெயர் அமைந்த வரலாற்றைச் சற்றே நினைவுகூருங்கள். பனீ இஸ்ராயீல் சமூகத்தில் ஒருவர் கொலையுண்டார். கொன்றவன் யாரென்று துலங்கவில்லை; ஒருவர்மீது ஒருவர் பழி சுமத்தினர். ஒரு பசுவை அறுக்குமாறு மூஸா (அலை) அவர்கள் வாயிலாக இறைக்கட்டளை பிறந்தது. எத்தகைய பசு என்று கேட்டனர், வயது கூறப்பட்டது. நிறத்தைக் கேட்டனர்; மஞ்சள் என்று விடை வந்தது. அதற்குப் பின்னும் ஐயம் தீரவில்லையென்று இழுத்தனர். கைக்குக் கிடைத்த ஏதேனும் ஒரு பசுவை முதலிலேயே அறுத்திருந்தால் போதுமானதாயிருக்கும் என்பர் விரிவுரையாளர்கள். அங்கே ஓர் உயிர் நீதிக்குக் காத்துக் கிடக்க, இங்கே தோலின் நிறம் பற்றிய விசாரணை!

இராக்வாசி ஒருவர் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கொசுவின் இரத்தம் பற்றி மார்க்கத் தீர்ப்புக் கேட்ட செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஹிஜ்ரி 61-இல் கர்பலாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமைப் பேரரைக் கொன்றவர்களின் நாட்டார், கொசு இரத்தத்துக்குச் சட்டம் கேட்கிறாரே என்று அன்னார் வியந்தார்கள்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தாருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளரல்லர். தீயைக் கண்டு அக்கம்பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள். இத்தகைய மரணங்களுக்குப் பின் தேநீர்க் கடையில், ஏன், பள்ளிவாசல் திண்ணையிலுங்கூட நடக்கும் பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? அறையில் அளவுக்கு மீறி ஆட்களை அமர்த்தினார்களே என்பார் ஒருவர். வாசற்படியில் அமர்ந்தவரை அறைக்குள் இருந்தவராகக் கொள்வது எவ்வாறு என்பார் மற்றவர். அதன்பின் பேச்சு படியின் அகலத்துக்குப் போய்விடும். மருந்து உராய்ந்தால் தீப்பற்றும். நெரிசலில் ஓடித் தப்ப வழியிராது. விதி எழுந்த காரணம் அதுவல்லவா? படியில் இருந்தவரும் வெந்துதானே போகிறார்!

தம் பக்கம் உண்மை இருந்தும் தர்க்கத்தைக் கைவிடுபவருக்குச் சுவர்க்கத்தின் ஓரத்தில் ஒரு வீட்டுக்கு நபிகளார் பொறுப்பேற்றதை அபூதாவூதில் காண்கிறோம். ஆயினும் அதைக் காட்டி, கணவனை இழந்து நஷ்ட ஈடு கேட்டு நிற்பவளிடம், "தர்க்கம் பண்ணாதே அம்மா" என்று கூறி அனுப்பிவிட இயலாது. அது வேறு, இது வேறு. தாயின் முதுகுக்கு ஒப்பிட்டுத் தம்மை விலக்கிய கணவரைக் குறித்து கவ்லா (ரலி) என்ற பெண்மணி நபிகளாரிடமே வாதாடினார்கள். இறைவன் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. முறையீட்டைச் செவியேற்றதாக அறிவித்து, தீர்ப்பும் வழங்கினான். அதனைத் தாங்கிய 58-வது அத்தியாயத்தின் பெயரே 'தர்க்கம் செய்த பெண்மணி' என்பதுதான்.