கதிரை வந்த வழி

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு வீட்டு விறாந்தையில் ஏறினால் முதலில் காதில் விழுவது, "வாங்கோ, உந்தக் கதிரையில இருங்கோ" என்பதுதான். மதுரையிலோ தஞ்சாவூரிலோ அது நாற்காலி. அவசரப் பேச்சில் சேர்.

கதிரை, போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய அவர்கள், 1658இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். நாற்பது ஆண்டுகூட நிறையாத ஆட்சி. ஆனாலும் அவர்களுடைய 'கதெய்ரா' இன்றுவரை போகவில்லை. அலுமாரி, சப்பாத்து, அலவாங்கு, தவறணை எல்லாம் அதோடு வந்தவை. சிங்களமும் அல்மாரிய, சப்பத்துவ, அலவங்குவ என்று இவற்றை எடுத்துக்கொண்டது. கதிரைக்கு மட்டும் 'புட்டுவ' என்கிறது.

கதெய்ராவின் தாய் இலத்தீன் மொழியின் 'கதெட்ரா'. அதை இலத்தீன் கிரேக்கத்திலிருந்து பெற்றது. 'கத' என்றால் கீழே, 'ஹெத்ரா' என்றால் இருக்கை. ஆசிரியரும் ஆயரும் அமர்ந்து போதிக்கும் ஆசனத்துக்கு அந்தப் பெயர் நின்றது. ஆயரின் ஆசனம் உள்ள தேவாலயம் கதீட்ரல் ஆனது. பிரெஞ்சில் 'ஷேர்' என்பது பிரசங்க மேடை, பேராசிரியர் பதவி. அதன் திரிபான 'ஷேஸ்'தான் வீட்டு நாற்காலி. ஸ்பானிய மொழியில் 'கதேரா' என்றால் இடுப்பு! இருக்கையைக் குறித்த சொல், இருக்கும் உடற்பகுதிக்கு நகர்ந்துவிட்டது. ஆங்கிலச் 'சேர்' பழைய பிரெஞ்சின் வழி வந்தது. ஆக, சென்னையின் சேரும் மானிப்பாயின் கதிரையும் ஒருதாய்ப் பிள்ளைகள்.

இன்னும் பின்னே போகலாம். சொல்லின் முதலில் நின்ற பழைய சகர ஒலி கிரேக்கத்தில் ஹகரமாயிற்று. சமஸ்கிருதத்தில் அப்படியே நின்றது. அதனால் 'ஹெத்ரா'வின் வேரும், அமர்தலைக் குறிக்கும் 'சத்' என்ற வேரும் ஒன்றே. குருவின் அருகே அமர்வது என்று விளக்கப்படும் உபநிடதத்துக்குள் இருப்பதும் அந்த வேர்தான்.

இதையெல்லாம் எதை வைத்துச் சொல்கிறார்கள்? ஒலி மாற்றத்தின் ஒழுங்கை வைத்து. கடன் வாங்கிய சொல்லின் கடைசியில் வரும் ஆகாரத்தைத் தமிழ் பெரும்பாலும் ஐகாரமாக்கும். மாலா மாலை, சபா சபை. போர்த்துக்கேயச் சொற்கள் சிலவும் அதே விதிக்குக் கட்டுப்பட்டன: மேசா மேசை, தவெர்னா தவறணை, கதெய்ரா கதிரை. வந்த சொல் தமிழின் இலக்கணத்துக்குள் நுழைந்த பிறகு அதைக் கொச்சை என்று ஒதுக்குவதில் நியாயமில்லை.

ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. புலோலியில் பிறந்த அகராதி ஆசிரியர் நா. கதிரைவேற்பிள்ளையின் பெயரிலும் கதிரை உண்டு. அது கதிர்காமத்து முருகன் தந்தது. தளபாடத்தோடு அதற்குத் தொடர்பில்லை. பள்ளிக்கூடத்து 'வாங்கு' போர்த்துக்கேய 'பாங்கோ'. கடையில் வாங்கும் வாங்கு நம்முடையது. ஆனால் 'பாங்கோ'வும் ஆங்கில 'பேங்க்'கும் உறவுதான். பணம் மாற்றுவோர் இத்தாலியில் போட்டிருந்த பலகையிலிருந்து வங்கிக்கு அந்தப் பெயர் வந்தது.

சொல் தொகுக்கும் வேலையில் மானிப்பாய்க்குத் தனி இடம் உண்டு. 58,000க்கும் மேற்பட்ட சொற்களோடு மானிப்பாய் அகராதி 1842இல் இங்கிருந்த அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அச்சானது. அதைத் தொகுத்ததில் சந்திரசேகர பண்டிதரின் உழைப்பு பெரிது. அந்த வேலை முடிந்துவிடவில்லை. ஒல்லாந்தர் தந்த கந்தோரும் (அலுவலகம்) லாச்சியும் (இழுப்பறை) இன்று பெரும்பாலும் முதியவர்களின் பேச்சில்தான் கேட்கின்றன. அப்பம்மாவும் அம்மம்மாவும் சொல்லக் கேட்கும்போதே, எந்த லாச்சி, யாருடைய கந்தோர் என்ற விவரத்தோடு அவற்றை எழுதிவைக்க வேண்டும்.