வேகம் கூடினால் விளக்கு கருகும்!

மோட்டார் வருவதற்கு முன், கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கவலை ஓட்டி நீர் இறைத்தார்கள்.

மாடுகள் சரிவில் இறங்கும். சால் மேலே வரும். மாடுகள் பின்னுக்கு வரும். சால் கிணற்றில் இறங்கும். ஒரே தாளம்!

அதே தாளத்தை இன்று பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கட்டுகிறார்கள். "மைன்கிராப்ட்" விளையாட்டில்தான்!

சுவீடன் நாட்டு மார்க்கஸ் பெர்சன் 2009-ல் வெளியிட்ட விளையாட்டு அது. கட்டிகளை அடுக்கி வீடு, கோட்டை கட்டலாம். 2010-ல் "ரெட்ஸ்டோன்" என்ற சிவப்புத் தூள் சேர்ந்தது. தரையில் தூவினால் மின்கம்பி போல வேலை செய்யும்.

அணையும் தீவட்டி

ரெட்ஸ்டோன் தீவட்டியும் உண்டு. அது நிற்கும் கட்டிக்கு மின்சாரம் வந்தால் அணையும், நின்றால் எரியும்.

தீவட்டியின் மின்சாரத்தையே திருப்பி அதன் கட்டிக்குக் கொடுத்தால்? எரியும், அணையும், மீண்டும் எரியும். கடிகாரம் தயார்!

ஆனால் அற்ப ஆயுள். 3 விநாடிக்குள் 8 தடவை அணைந்தால் தீவட்டி கருகிவிடும். அதை நம்பி ஓடும் இயந்திரமும் நின்றுவிடும்.

ஐந்தின் ரகசியம்

ஐந்து தீவட்டிகளை வட்டமாக இணைத்தால் கருகாது. ஒவ்வொன்றும் மாற விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். ஆகவே ஒவ்வொரு தீவட்டியும் அரை விநாடி எரியும். அரை விநாடி அணைந்திருக்கும்.

எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். நான்கு வைத்தால் துடிக்காது!

நிஜ மின்னணுச் சில்லுகளிலும் இப்படி ஒற்றைப்படை வளையங்கள் உண்டு. விளையாட்டிலே பிள்ளை கற்பது மெய்யான பாடம்.

மாட்டை விரட்டினால் சால் நிறையாது. கவலை ஓட்டிய தாத்தாவுக்கு இது தெரியும். தீவட்டி கருகியதும் பேரனுக்கும் தெரிந்துவிடும்!