இறக்கையின் அடியில் ஒரு திறப்பு

பயணிகள் விமானத்தின் இறக்கை நுனிக்குச் சற்று உள்ளே, அடிப்பக்கத் தகட்டில், குடைந்தெடுத்ததுபோல ஒரு சிறிய பள்ளம் இருக்கும். பல டன் எரிபொருளைச் சுமக்கும் தொட்டிகள் வெளிக்காற்றோடு தொடர்பு வைத்திருப்பது அதன் வழியாகத்தான். அதற்கு மூடி கிடையாது. தரையில் நிற்கும்போதும் பறக்கும்போதும் திறந்தே இருக்கும். தீப்பற்றும் திரவம் நிறைந்த தொட்டியை ஏன் இப்படித் திறந்து வைத்திருக்கிறார்கள்? மூடினால் இறக்கை தாங்காது.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1,013 ஹெக்டோபாஸ்கல். 35,000 அடி உயரத்தில் அது ஏறக்குறைய 238ஆகக் குறைந்துவிடும். தரையில் இறுக மூடிய தொட்டி அந்த உயரத்துக்குப் போனால், உள்ளே அடைபட்ட காற்று ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் கிட்டத்தட்ட 8 டன் எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளும். பயணிகள் அமரும் உடற்பகுதி உருளை வடிவம் என்பதால் உள்ளழுத்தத்தைத் தாங்குகிறது. இறக்கையோ தட்டையானது. அதற்குள் தனியாகத் தொட்டி என்று ஒன்றும் இல்லை. பெரிய விமானங்களில் இறக்கையின் தகடே தொட்டியின் சுவர். தொட்டி உப்பினால் இறக்கையே உப்புகிறது என்று பொருள்.

இறங்கும்போது இதுவே தலைகீழாக நடக்கும். வெளியே அழுத்தம் கூடிக்கொண்டே வர, உள்ளே காற்று நுழையாவிட்டால் தொட்டி நசுங்கும். ஒரே உயரத்தில் பறந்தாலும் சிக்கல் தீராது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் திக்கித் திக்கி வந்து நின்றுவிடும். காற்று போக இன்னொரு ஓட்டை வேண்டும். என்ஜின் எரிபொருளை இழுக்க இழுக்க, காலியாகும் இடத்தைக் காற்று வந்து நிரப்ப வேண்டும். சிறிய விமானங்களில் இந்தக் காற்றுக்குழாய்க்குள் குளவி கூடு கட்டிவிடுவது உண்டு. அப்படி அடைபட்டால் தொட்டி நிறைய எரிபொருள் இருக்கும்போதே என்ஜின் நின்றுபோகலாம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் விமானி குனிந்து அந்தக் குழாயைப் பார்க்கிறார்.

பெரிய விமானத்தில் ஒரு திறப்பு மட்டும் போதாது. விமானம் மூக்கை உயர்த்தும், சாயும், திரும்பும். எரிபொருளும் கூடவே அலையும். காற்றுக்குழாயின் வாய் திரவத்தில் மூழ்கினால் காற்றுக்குப் பதில் எரிபொருள் வெளியேறிவிடும். ஆகவே ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் குழாய்கள் வெவ்வேறு இடங்களில் தொடங்குகின்றன. சில வாய்களில் மிதவை வால்வு உண்டு; திரவம் ஏறினால் மூடிக்கொள்ளும். குழாய்கள் எல்லாம் இறக்கை நுனியருகே ஒரு சிறிய வெற்றுத் தொட்டியில் போய்ச் சேர்கின்றன. தப்பி வரும் எரிபொருளை அது பிடித்து வைத்து, மறுபடி பெரிய தொட்டிக்கே அனுப்பிவிடும். அந்த வெற்றுத் தொட்டியின் அடியில்தான் நாம் முதலில் பார்த்த பள்ளம் இருக்கிறது. எதிர்க்காற்றை அது கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்ளும் வடிவில் அமைந்திருப்பதால், பறக்கும்போது தொட்டிக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்றே கூடுதலாக நிற்கும்.

எரிபொருள் நிரப்பும் நேரமும் சோதனைதான். சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு வரை அழுத்தத்தில் குழாய் வழியாக அது உள்ளே பாய்கிறது. நிறைந்ததும் மூட வேண்டிய வால்வு மூடாமல் போனால், மிகுதி முழுவதும் இந்த வழியாகவே தரையில் கொட்ட வேண்டும். தளத்தில் எரிபொருள் சிந்துவது ஆபத்துதான். இறக்கை பிளப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

இனி இந்தத் திறப்பின் மறுபக்கம். அழுத்தத்தைச் சமன்செய்யும் வழியே ஆக்சிஜன் உள்ளே வரும் வழியும். 1963 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் எல்க்டன் ஊருக்கு அருகே பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 ஒன்று மின்னல் தாக்கி விழுந்தது. இடப்பக்க இறக்கைத் தொட்டியில் இருந்த ஆவியும் காற்றும் கலந்த கலவை தீப்பற்றியிருந்தது. 81 பேர் இறந்தார்கள். இன்றைய விமானங்களில் காற்றுவழிக்குள் தேன்கூட்டு அமைப்பிலான உலோகத் தடுப்பு வைக்கிறார்கள். வெளியே எரியும் தீ உள்ளே நுழைய முயன்றால், அந்த நுண்ணறைகள் வெப்பத்தை உறிஞ்சிச் சுடரை அணைத்துவிடும். பனி உறைந்து அந்தத் தடுப்பே அடைபட்டால்? அதற்கென்று தனியாக அழுத்த வடிகால் வால்வு ஒன்று இருக்கிறது.

ஆனால் தீப்பொறி உள்ளேயே பிறந்தால் வாசலில் நிற்கும் காவல் உதவாது. 1996 ஜூலை 17 மாலை, நியூயார்க்கிலிருந்து பாரிஸ் கிளம்பிய டிடபிள்யூஏ 800, பறக்கத் தொடங்கி ஏறக்குறைய 12 நிமிடங்களில் வெடித்து அட்லாண்டிக்கில் விழுந்தது. அந்த போயிங் 747இல் இருந்த 230 பேரும் இறந்தார்கள். அதன் நடுத்தொட்டி அன்று கிட்டத்தட்டக் காலி. அடியில் ஏறக்குறைய 190 லிட்டர் மட்டுமே தங்கியிருந்தது. தொட்டிக்கு நேர் கீழே குளிர்சாதன இயந்திரங்கள். கோடை மாலையில் அவை நெடுநேரம் ஓடியதில் தொட்டி சூடேறி, மிச்ச எரிபொருள் ஆவியாகிக்கொண்டிருந்தது. விமானம் ஏற ஏற, திறப்பு தன் வேலையைச் சரியாகவே செய்தது: காற்றை வெளியே விட்டது. காற்று குறையக் குறைய ஆவியின் விகிதம் கூடி, கலவை எளிதில் தீப்பற்றும் நிலைக்கு வந்தது. எரிபொருள் அளவுமானியின் கம்பிகள் வழியே தொட்டிக்குள் புகுந்த மின்சாரமே பெரும்பாலும் பொறியாக அமைந்திருக்கும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000இல் முடிவு செய்தது.

பொறி எழவே கூடாது என்று கம்பிகளைக் காப்பது ஒரு வழி. பொறி எழுந்தாலும் கலவை எரிய முடியாமல் செய்வது இன்னொரு வழி. என் பார்வையில் இரண்டாவதே நம்பத் தகுந்தது, ஏனென்றால் அது மனிதர்கள் ஒரு தவறும் செய்யமாட்டார்கள் என்று எதிர்பார்ப்பதில்லை. என்ஜினிலிருந்தோ தனி அழுத்தியிலிருந்தோ எடுத்த காற்றை மயிரிழை போன்ற உள்ளீடற்ற நார்களின் கட்டு வழியாகச் செலுத்துவார்கள். ஆக்சிஜனும் நீராவியும் நார்ச் சுவர் வழியே விரைவாகக் கசிந்து போக, நைட்ரஜன் மிகுந்த காற்று மிஞ்சும். அதைத் தொட்டிக்குள் விட்டு ஆக்சிஜனை 12 விழுக்காட்டுக்குக் கீழே வைத்தால் கலவை தீப்பற்றாது. கடினமான வேலை இறங்கும்போதுதான். வெளிக்காற்று திறப்பு வழியே உள்ளே வரும் நேரம் அது. அப்போது நைட்ரஜன் ஓட்டத்தைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் பயணம் முழுதும் காத்த பாதுகாப்பு கடைசி அரை மணி நேரத்தில் கரைந்துபோகும்.

தொட்டிகளில் நைட்ரஜன் நிரப்பும் ஏற்பாட்டை ஆராயுமாறு அந்த வாரியம் 1996 டிசம்பரிலேயே பரிந்துரைத்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதற்கான விதியை வெளியிட்டது 2008 ஜூலையில். பழைய பயணிகள் விமானங்களிலும் பொருத்தச் சொன்ன அந்த விதி, சரக்கு மட்டுமே ஏற்றிச் செல்லும் பழைய விமானங்களுக்கு விலக்களித்தது. ஒரு விமானத்தில் இரண்டு மூன்று பேர்தான் என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருந்தது. அந்த விலக்கு தவறு. அந்த விமானிகளின் இருக்கைக்குப் பின்னாலும் அதே நடுத்தொட்டி இருக்கிறது. அந்த விமானங்களும் மக்கள் வாழும் ஊர்களின் மேல்தான் பறக்கின்றன.