சினமும் நிலமும்

பூம்புகாரிற் பிறந்த கண்ணகி, நீதி தவறிய மதுரையை எரித்தாள் என்பது காப்பியம். மதுரைச் சீமையில் 1926-இல் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனோ, தீயால் துயருற்ற காவிரிப் படுகைக்கு அமைதியை நாடி வந்தார்.

1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வுப் போராட்டத்தை ஒட்டிக் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிக்கப்பட்டனர்; பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. காந்திய நெறியினரான அம்மையார், பகையின் வேர் நிலமின்மையே எனக் கண்டார். 1981-இல் கணவருடன் 'லாப்டி' என்னும் உழுவோர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார். நிலவுடைமையாளரோடு பேசி, வங்கிக் கடனால் நிலம் வாங்கி, குடும்பத்திற்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்வித்தார். ஏன் பெண்கள் பெயரில்? கணவனின் கடனுக்கோ குடிக்கோ அந்நிலம் எளிதில் கைமாறாதன்றோ!

படைக்கலத்தைக் கீழே வைப்பது அமைதியின் பாதி. பகையின் காரணத்தைக் களைவதே மறுபாதி.