தடுக்கப்பட்ட கரமும் தடுக்கப்படாத கரமும்

ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆபிரகாமின் கீழ்ப்படிதலைப் புகழ்வது எளிது. ஆனால் அதைக் கேட்கும் ஒருவர் தாமும் அவ்வாறே செய்யத் துணிந்தால் என்ன ஆகும்? இவ்வினா வெறும் கற்பனையன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், போகாசெட் என்னும் கடலோரக் கிராமத்தில் 1879ஆம் ஆண்டு அது மெய்யாகவே நிகழ்ந்தது.

அதன் பின்னணியைச் சிறிது அறிதல் நலம். வில்லியம் மில்லர் என்னும் விவசாயி, தானியேலின் தரிசனங்களைக் கணக்கிட்டு, கிறிஸ்துவின் இரண்டாம் வருகை அண்மையில் நிகழும் என 1830களில் பிரசங்கித்தார். அவரைப் பின்பற்றியோர் எதிர்நோக்கியிருந்த 1844 அக்டோபர் 22ஆம் நாள் பெரும் ஏமாற்றத்தில் முடிந்தது. எனினும் எதிர்பார்ப்பு அழியவில்லை. பல சிறு குழுக்களில் அது நிலைத்தது. போகாசெட்டிலும் அத்தகைய குழு ஒன்று இருந்தது. சார்லஸ் ஃப்ரீமன் என்பவர் அதைச் சேர்ந்தவர்.

கடவுள் தம் குடும்பத்தினின்று ஒரு பலியைக் கேட்கிறார் என்ற எண்ணம் ஃப்ரீமனைப் பற்றிக்கொண்டது. மனைவியிடம் அதைக் கூறினார். முதலில் எதிர்த்த அத்தாய் இறுதியில் இணங்கினார். மே முதல் நாள், உறங்கிக்கொண்டிருந்த இளைய மகள் ஈடித்தைத் தந்தையே கத்தியால் கொன்றார். மூன்றாம் நாளில் அவள் உயிர்த்தெழுவாள் என உறுதியாக நம்பினார். பின்னர்த் தம் குழுவினரை வீட்டிற்கு அழைத்து, செய்ததை அறிவித்தார். கேட்டவர்கள் அதிகாரிகளிடம் முறையிடாமல் கலைந்து சென்றனர். மூன்றாம் நாள் வந்தது, குழந்தை எழவில்லை. ஃப்ரீமன் மனநோய் மருத்துவமனையில் வைக்கப்பட்டார். 1883இல் நடந்த விசாரணையில், சித்தம் பேதலித்த நிலையில் செய்தமையால் அவர் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பாயிற்று.

'பித்தரின் செயல்' எனச் சொல்லி நாம் அகன்றுவிடலாமா? நோய் அவருடையது, அந்நோய் பேசிய மொழியோ பிரசங்க பீடத்தினுடையது. தேவன் மரித்தோரை எழுப்ப வல்லவர் என ஆபிரகாம் எண்ணியதாக எபிரெயர் 11:19 கூறுகிறது. ஃப்ரீமனும் அவ்வாறே எண்ணினார்.

இவ்விடரைச் சிந்தனையாளர் முன்னரே உணர்ந்திருந்தனர். தன் மகனைக் கொல்லலாகாது என்பது ஆபிரகாமுக்கு உறுதி. பேசுபவர் கடவுள்தாம் என்பதோ உறுதியன்று என இம்மானுவேல் காண்ட் 1798இல் வாதிட்டார். சோரன் கீர்க்ககார்ட் 1843இல் வெளியிட்ட 'அச்சமும் நடுக்கமும்' என்னும் நூலில், ஆபிரகாமைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டு அவ்வாறே செய்ய விழையும் ஒருவனைக் கற்பனை செய்கிறார். அவனைக் கடிந்துகொள்ள ஓடி வருபவர், அப்பிரசங்கத்தைச் செய்த போதகரே!

எனினும் திருமறைப் பகுதியே நமக்கு விடை தருகிறது. முதல் வசனத்தில் கட்டளையிடுபவரை எபிரெய மூலம் 'ஏலோஹிம்' என்கிறது. பதினோராம் வசனத்தில் தடுப்பவரோ 'யாவே'யின் தூதர். ஆபிரகாம் கேட்ட இறுதிக் கட்டளை, பிள்ளையின்மேல் கையைப் போடாதே என்பதே. முதற்குரலுக்கு மட்டும் செவிகொடுத்து இரண்டாங்குரலுக்குச் செவிகொடாதவன் ஆபிரகாமைப் பின்பற்றியவன் ஆகான். பிள்ளைகளைப் பலியிடுதல் தேவனுடைய மனதில் தோன்றாத ஒன்று என எரேமியா 7:31 தெளிவாக்குகிறது. உடன்படிக்கையின் தேவனது இயல்புக்கு மாறான குரல் எத்துணை வலிதாயினும் அவருடைய குரலன்று.

இங்குச் சபையின் கடமையும் வெளிப்படுகிறது. ஆபிரகாம் மலையில் தனித்திருந்தார். ஃப்ரீமனுக்கோ மனைவியும் சபையும் இருந்தன. வெளிப்பாடு பெற்றதாகக் கூறுவோரை மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்பது பவுலின் ஒழுங்கு (1 கொரிந்தியர் 14:29). செய்தபின்னும் எவரும் கண்டித்து முறையிடாதது, அவ்வொழுங்கு அக்குழுவில் வேரூன்றாமையைக் காட்டுகிறது.

ஆகவே இப்பகுதியைப் பிரசங்கிப்போர் அதை முடிவுவரை வாசிக்கக் கடவர். குரல்கள் கேட்பதாகச் சொல்லி நம்மிடம் வருபவரை ஆவிக்குரியவர் எனப் போற்றுவதும், அவிசுவாசி எனத் தள்ளுவதும் தவறு. பொறுமையாய்க் கேட்டு, தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், அவ்வீட்டுப் பிள்ளைகளின் பாதுகாப்பை உறுதிசெய்வதும் மேய்ப்பனின் பணியே. மோரியாவில் தூதர் ஆற்றிய தொண்டு இன்று சபையிடம் ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது.