எல்லா நூடுல்ஸும் மேகிதான்

அண்ணாச்சி கடையில் ‘ஒரு மேகி’ என்று கேட்போம்; அவர் யிப்பியை எடுத்து நீட்டினாலும் மறுபேச்சில்லாமல் வாங்கி வருவோம். நகல் எடுப்பது ஜெராக்ஸ் ஆன மாதிரி, நூடுல்ஸ் என்றாலே மேகி. நெஸ்லேவுக்கு இது பெருமை. மற்ற கம்பெனிகளுக்கு இதன் விலை என்னவென்று 2015 ஜூனில் தெரிந்தது.

உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கியில் எடுத்த மாதிரியைக் கொல்கத்தா ஆய்வகம் சோதித்தது. பத்து லட்சம் பங்கில் 2.5 பங்கு ஈயம் வரை இருக்கலாம், இருந்தது 17.2 என்றது அறிக்கை. ஜூன் 5-ல் மேகியின் ஒன்பது வகைகளுக்கும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. தமிழக அரசு முந்தைய நாளே முந்திக்கொண்டது: மூன்று மாதத் தடை, மேகியோடு இன்னும் மூன்று பிராண்டுகளுக்கும்.

போட்டிக் கடை மூடினால் நம் கல்லா நிறையும் என்பது வியாபாரிகளின் பழைய கணக்கு. அன்றைக்கு அது பலிக்கவில்லை. சந்தையிலிருந்த நூடுல்ஸ், பாஸ்தா, மக்ரோனி எல்லாவற்றையும் சோதிக்கச் சொன்னது ஆணையம். இந்துஸ்தான் யூனிலீவர் தன் க்னோர் சைனீஸ் நூடுல்ஸைத் தானே திரும்பப் பெற்றது. ஈயத்துக்காக அல்ல, அரசு ஒப்புதல் வந்து சேரவில்லை என்பதற்காக. டாப் ராமனும் கடையைவிட்டுப் போனது. மேகி சிக்காமல் இருந்திருந்தால் அந்தக் காகிதங்களை யார் தேடியிருக்கப் போகிறார்கள்?

அதே ஆண்டு செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகனின் புகை மோசடி அம்பலமானபோது, அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் விற்பனையும் அடிவாங்கியதாகப் பொருளாதார ஆய்வாளர்கள் கணித்தார்கள். ‘ஜெர்மன் கார்’ என்ற ஒரே பெயரில் வாழ்ந்தவர்கள் அல்லவா! ஆனாலும் கார் வேண்டியவர் ஏதோ ஒரு காரை வாங்கியே ஆகவேண்டும். நூடுல்ஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அம்மாக்களிடம் ஆய்வகம் கிடையாது. எந்த பாக்கெட்டில் ஈயம் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. சந்தேகம் வந்தால் ரவையை வறுத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 13-ல் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சோதித்த ஆய்வகங்களுக்கு முறையான அங்கீகாரம் இல்லை என்றது. மறுசோதனையில் மேகி தேறியது. நவம்பரில் மறுபடி கடைக்கு வந்தது. அதே மாதம் பதஞ்சலியும் கோதுமை நூடுல்ஸோடு களமிறங்கியது. ருசி எப்படி என்று ஜனங்கள் பேசுவதற்குள், ‘ஒப்புதல் வாங்கினீர்களா?’ என்ற கேள்வி அதன் வாசலில் நின்றது.