பழைய பிக்கப் வண்டிக்கு முன் கண்ணாடி மாற்றும் முறை

பறித்த காய்கறியை விடியுமுன் சந்தையில் இறக்கினால்தான் நல்ல விலை கிடைக்கும். ஆகவே விவசாயிகளின் பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலுமே ஓடுகின்றன. பகலில் கண்ணுக்கு உறுத்தாத ஒரு கீறல், எதிரே வரும் லாரியின் விளக்கு பட்டதும் கண்ணாடி முழுவதும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அந்த ஒரு கணத்தில் சாலையோரம் நடப்பவரோ, விளக்கில்லாத மாட்டு வண்டியோ ஓட்டுபவர் கண்ணில் படாமல் போகலாம். எனவே கீறல் விழுந்த முன் கண்ணாடியை 'இந்த அறுவடை முடியட்டும்' என்று தள்ளிப் போடுவது சரியல்ல.

பழைய ஜீப் வகைப் பிக்கப்புகள், 1986-இல் வெளிவந்த டாடா 407-இன் பழைய வண்டிகள் போன்றவற்றில் முன் கண்ணாடி ரப்பர் பீடிங்கினால் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கும். இரண்டு மூன்று பேர் துணையும் பொறுமையும் இருந்தால் இவ்வகைக் கண்ணாடியை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். அண்மைக்கால வண்டிகளில் கண்ணாடியைப் பசை கொண்டு தகட்டோடு ஒட்டிவிடுகிறார்கள். அங்கே கண்ணாடியும் கூரைக்குப் பலம் தருவதால் அவ்வேலையைப் பட்டறையில்தான் செய்ய வேண்டும். கண்ணாடியைச் சுற்றி, உள்ளேயும் வெளியேயும் தகட்டைக் கவ்வியபடி தடித்த ரப்பர் தெரிந்தால் அது பீடிங் வகை என்று அறியலாம்.

கீறல் எங்கே தொடங்கியது?

வேலையைத் தொடங்குமுன் கீறலை நன்கு ஆராய வேண்டும். கல் அடித்ததால் விழுந்த கீறலில், அடிபட்ட இடத்தில் சிறு பள்ளமோ நட்சத்திரம் போன்ற வெடிப்போ இருக்கும். அப்படி எதுவும் இல்லாமல் ஓரத்திலிருந்து, குறிப்பாக மூலையிலிருந்து கீறல் கிளம்பியிருந்தால் குற்றம் பெரும்பாலும் கண்ணாடியில் இல்லை. அதைத் தாங்கும் தகட்டுச் சட்டத்தில் இருக்கிறது. பீடிங்குக்குள் தேங்கிய மழைநீரால் தகடு துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக் கொள்ளும். அது உப்பி வந்து கண்ணாடியின் ஓரத்தை அழுத்தும். வண்டி வரப்போரப் பாதையில் குலுங்கும்போது அந்த இடத்தில் கண்ணாடி விரியும். துருவை நீக்காமல் புதுக் கண்ணாடி பொருத்தினால் சில மாதங்களில் அதே மூலையில் மறுபடியும் கீறல் விழும். செலவு இரட்டிப்பாவது இதனால்தான்.

கல் பட்டு ஏற்பட்ட மிகச் சிறிய வெடிப்பு, ஓரத்தை எட்டாமலும் ஓட்டுபவர் பார்வைக்கு நேராக இல்லாமலும் இருந்தால், அதில் பிசின் நிரப்பிச் சரி செய்யும் வழி உண்டு. அதுவரை தூசியும் நீரும் புகாதபடி அதன்மேல் ஒளி ஊடுருவும் டேப் ஒட்டி வைக்கலாம். வெயிலில் காய்ந்த கண்ணாடியின் மீது குளிர்ந்த நீரை வீசி ஊற்றக் கூடாது. சிறு வெடிப்பு ஓடிப் பெரிதாகும்.

கண்ணாடியும் பீடிங்கும் வாங்குதல்

முன்புறத்துக்கு லேமினேட் செய்த கண்ணாடியே வேண்டும். இது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டியது. உடைந்தாலும் துண்டுகள் தாளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், முகத்தில் தெறிக்காது. பதப்படுத்திய ஒற்றைக் கண்ணாடி இதற்கு ஈடாகாது. அது உடையும்போது முழுவதும் ஒரே நொடியில் பொடிக் கட்டங்களாகிப் பார்வையை மறைத்துவிடும். மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெயிலுக்காகக் கறுப்புக் கண்ணாடி கேட்க வேண்டாம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முன் கண்ணாடி குறைந்தது 70 சதவீத ஒளியை உள்ளே விட வேண்டும்.

ஜீப் வகை வண்டிகளின் தட்டையான கண்ணாடியை, லேமினேட் தாளிலிருந்து கடைக்காரரே வெட்டித் தருவார். பழைய கண்ணாடியையே அளவுக்குக் கொண்டு செல்வது நல்லது. சட்டத்தின் உள் அளவை அப்படியே கொடுத்து வெட்டினால் கண்ணாடி பெரிதாகிவிடும். பீடிங்கின் நடுத் தடிப்புக்கும் இடம் விட வேண்டும் அல்லவா? வளைந்த கண்ணாடியாக இருந்தால் அந்த மாடலுக்கு உரியதையே வாங்க வேண்டும்.

பீடிங்கையும் புதிதாகவே வாங்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நின்றாலும், மடக்கினால் வெடித்தாலும் அந்த ரப்பர் செத்துவிட்டது என்று பொருள். பழைய பீடிங்கில் ஒரு சாண் நறுக்கிக் கடைக்கு எடுத்துச் சென்று, வெட்டுமுகத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு ஒரு பள்ளம், தகட்டுக்கு ஒரு பள்ளம், சிலவற்றில் பட்டைக்கு மூன்றாவது பள்ளம் இருக்கும். இவை மூன்றும் ஒத்திருக்க வேண்டும். முழு இன்சூரன்ஸ் செய்துள்ளவர்கள், கழற்றுமுன் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நன்று. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் உள்ளவர்களுக்கு, தம் வண்டியின் கண்ணாடிக்குப் பணம் கிடைக்காது.

பழையதைக் கழற்றுதல்

முதலில் வைப்பர் கைகளையும் உள் கண்ணாடியையும் கழற்றி விடுங்கள். பட்டை, இணைப்பு மூடி ஆகியவை இருக்கும் நிலையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்தால் திரும்பப் பொருத்தும்போது குழப்பம் வராது. டேஷ்போர்டின் மீதும் இருக்கையின் மீதும் பழைய போர்வையோ சாக்கோ விரிக்க வேண்டும். கையுறையும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் அவசியம்.

பட்டையை அதன் இணைப்பு உள்ள இடத்திலிருந்து மரக் குச்சியால் மெதுவாகக் கிளப்ப வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பட்டை மடங்கும். மடங்கிய தடம் பிறகு போகாது. அடுத்து, பீடிங்கின் வெளி உதட்டைக் கூரிய கத்தியால் சுற்றிலும் அறுத்து எடுத்துவிட வேண்டும். இருவர் வெளியே தாங்கிக்கொள்ள, ஒருவர் உள்ளிருந்து மேல் மூலையை உள்ளங்கையால் தள்ளினால் கண்ணாடி வந்துவிடும்.

துருவை ஒழித்தல்

இனிச் செய்வதே வேலையின் உயிர்நாடி. சட்டத்தின் விளிம்பு முழுவதையும் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் வெள்ளைத் தகடு தெரியும் வரை தேய்க்க வேண்டும். கீழ் மூலைகள் இரண்டிலும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் தகடு அரித்துவிட்டது. அதை டிங்கர் பட்டறையில் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். ஓட்டையைப் பட்டி பூசி மறைப்பது கூடாது. பட்டி பூசிய இடம் தடித்துவிடும். பீடிங் சரியாக உட்காராது. மேடான இடத்தில் கண்ணாடி விரியும்.

தேய்த்த இடத்துக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அது காய்ந்தபின் பெயின்ட் அடிக்க வேண்டும். பெயின்ட் முழுவதும் உலரும் வரை காத்திருக்க வேண்டும். ஈரப் பெயின்டில் பீடிங் ஏற்றினால் அது உரிந்து வந்து, துரு மீண்டும் தொடங்க வழியாகும்.

கயிறு கொண்டு பொருத்துதல்

பீடிங்கைச் சற்று நேரம் வெயிலில் போட்டு இளக்கிக் கொள்ளுங்கள். கண்ணாடியைப் போர்வையின் மீது வைத்து, அதன் ஓரம் முழுவதும் பீடிங்கை மாட்ட வேண்டும். நீளமாக வாங்கி வெட்டும் பீடிங்காக இருந்தால், தேவைக்கு 1 செ.மீ. கூடுதலாக வெட்டி நெருக்கி இணைக்க வேண்டும். இழுத்துச் சேர்த்தால் நாளடைவில் ரப்பர் சுருங்கி இணைப்பு வாய் பிளக்கும்.

பிறகு தகட்டுக்குரிய பள்ளத்தில் 5 மி.மீ. அளவுள்ள வழுவழுப்பான நைலான் கயிற்றைச் சுற்றிலும் செருகுங்கள். இரு நுனிகளும் கீழ்ப்புறம் நடுவில் ஒன்றையொன்று ஒரு சாண் தாண்டி, வண்டியின் உள்பக்கம் தொங்க வேண்டும். பீடிங்கிலும் சட்டத்திலும் சோப்பு நீர் தடவ வேண்டும். எண்ணெய், கிரீஸ், மண்ணெண்ணெய் எதுவும் தடவக் கூடாது. அவை ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும்.

இருவர் கண்ணாடியை வெளியிலிருந்து தூக்கி, கீழ் விளிம்பு முதலில் சட்டத்தில் உட்காரும்படி வைத்துப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் கயிற்றின் ஒரு நுனியைக் கண்ணாடியின் நடுப்பக்கமாக மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வர வர, பீடிங்கின் உதடு தகட்டின் மேல் ஏறி உள்ளே புரளும். கயிறு வரும் இடத்தில் வெளியில் இருப்பவர் உள்ளங்கையால் அழுத்திக் கொடுக்க வேண்டும். கீழ்ப்புறம் முடிந்ததும் பக்கங்கள், கடைசியாக மேல்புறம் என்று செல்ல வேண்டும். எங்காவது சிக்கினால் நிறுத்திச் சோப்பு நீர் விட்டு மறுபடி முயல வேண்டும். குத்தவோ சுத்தியால் தட்டவோ கூடாது.

பட்டை பொருத்துதல்

பீடிங்கின் வெளிப் பள்ளத்தில் ஏறும் பட்டை அழகுக்காக மட்டும் இருப்பதன்று. பல வண்டிகளில் அதுவே ஆப்பு போல் நின்று, ரப்பரை இறுக்கிக் கண்ணாடியைக் காக்கிறது. ஆகவே 'பட்டை இல்லாமலே ஓடட்டும்' என்று விடக் கூடாது. பள்ளத்தைச் சோப்பு நீரால் நனைத்து, வாயை விரித்துக் கொடுத்துக்கொண்டே பட்டையைச் சிறிது சிறிதாகச் செருக வேண்டும். இழுத்துச் செருகினால் பின்னர் அது சுருங்கி மூலைகளில் இடைவெளி விழும். உலோகப் பட்டை உள்ள சில வண்டிகளில், கண்ணாடியைச் சட்டத்தில் ஏற்றுமுன்பே பட்டையைப் பீடிங்கில் மாட்டிவிட வேண்டும். கழற்றும்போது எடுத்த படத்தையும் வண்டியின் அமைப்பையும் பார்த்து இதை முடிவு செய்க. வளைந்த பட்டையை மரப்பலகையில் வைத்து மரச் சுத்தியால் மெதுவாகத் தட்டி நேராக்கலாம்.

தண்ணீர்ச் சோதனை

வண்டியை ஒரு நாள் வெயிலில் நிறுத்தி, பீடிங் படிந்தபின் தண்ணீர் விட்டுச் சோதிக்க வேண்டும். கீழ் விளிம்பில் தொடங்கி மேலே செல்லும்படி மெதுவாக நீர் விடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச் விளக்குடன் ஓரங்களில் காகிதத்தை ஒற்றிப் பார்க்க வேண்டும். கசியும் இடத்தில் பீடிங்கின் உதட்டைத் தூக்கி, இறுகாத வகைக் கண்ணாடி மாஸ்டிக்கைச் செலுத்தலாம். காடி நெடி அடிக்கும் சிலிகான் பசை வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் தகட்டை அரிக்கும்.

வைப்பர் ரப்பரையும் இத்துடன் மாற்றிவிடுங்கள். தேய்ந்த ரப்பரில் ஒட்டிய மணல் புதுக் கண்ணாடியில் முதல் மழையிலேயே வட்டக் கோடு போட்டுவிடும்.

நிலத்தில் கரை அரித்தால் உடனே மண் அணைக்கிறோம். வண்டியில் கண்ணாடிச் சட்டமும் அப்படிப்பட்ட கரைதான். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்குமுன் பீடிங்கின் கீழ் மூலைகளை விரலால் தூக்கிப் பாருங்கள். ஈரமோ செந்நிறத் தூளோ தென்பட்டால் அப்போதே கவனியுங்கள். ஒரு நாள் வேலையில் முடிவதைப் பெருஞ்செலவாக வளரவிட வேண்டாம்.